அஞ்சு கால் விளக்கு

"கால்னா கால்தானே! காக்கின்னா கால், லீமான்னா அஞ்சு. இதுல என்னா தப்பு கண்டுட்டே நீ..."

"அடி, மச்சான், அடி! அஞ்சடி! கடைக்கு முன்னால ஜனங்க நடக்குற..."

"...நான் என்னா பச்சப் புள்ளையா, எனக்குக் கால் தெரியாதா, கை தெரியாதா..."

"...நடக்குற அஞ்சடிக்குத்தான் மலாய்ல காக்கி லீமான்னு பேரு. ஊரே சொல்லுது. சீனன் சொல்றான், வங்காளி சொல்றான், ரிக்‌ஷா இழுக்குறவன் சொல்றான்..."

"ரிக்‌ஷாக்காரன் பாஷை எனக்கு எதுக்கு? நாகூர்ல எங்க வூட்டுல..."

"நாகூர்ல அஞ்சடி இல்ல மச்சான். அதைத்தான் சொல்றேன்."

"வாயை மூடு."

"மூடித்தான் வச்சிருந்தேன். நாப்பது நாளா."

அதோடு இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அவர்கள் தலைக்கு மேலே விட்டத்தில் மூன்று பித்தளை விளக்குகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் ஐந்து கை. ஒவ்வொரு கையும் கொக்குக் கழுத்தாக வளைந்து இறங்கி, முனையில் ஒரு பூக்கிண்ணம் ஏந்தி நின்றது. ஆகப் பதினைந்து கழுத்து. பட்டறைக்குள் நிமிர்ந்து நடந்தால் நெற்றி பெயர்ந்துவிடும். அந்தப் பதினைந்துக்கும் கீழே குந்தி, பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த பட்டறை வேலைக்காரர் பக்கிரிசாமி துணியை மடியில் வைத்தார். 'நாப்பது நாளா' என்று ரோஹானா சொன்னது அவள் புருஷன் காதில் ஏறவில்லை. அவன் காதில் ஏறுவது அவன் பேச்சு ஒன்றுதான். பக்கிரிசாமி காதில் ஏறியது.

"மாப்பிள்ளைகிட்ட என்னாடி மல்லுக்கட்டு?" என்று அடுக்களையிலிருந்து அவள் உம்மா குரல் கொடுத்தாள்; உறவில் சித்தியல்ல, பேரே சித்தி ஆயிஷா. "மாப்பிள்ளை, கோழியாணம் இறக்கிட்டேன். கை கழுவுங்க. அவ கெடக்கா."

மாப்பிள்ளை கை கழுவப் போனான். உலகமே கவிழ்ந்தாலும் ஹபீப் முகம்மது சாப்பாட்டு நேரத்தைத் தவறவிட்டதாகப் பினாங்கு அச்சீன் தெருவில் ஒருவரும் சொல்ல முடியாது.

அன்று செவ்வாய்க்கிழமை. ஐப்பசி மழை வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில்தான் பினாங்கு ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டியிருக்கும் சீன முதலாளி தவுக்கேயின் கிராணி, கணக்குப்பிள்ளை ஆ சூன், விளக்கு ஆயிற்றா என்று பார்க்க வந்தான். உள்ளே நுழைந்தவன் அண்ணாந்தான். ஒரு விளக்கின் கைகளை விரல் நீட்டி எண்ணினான். சாத்து, துவா, தீகா, அம்பாட், லீமா. அடுத்த விளக்கையும் எண்ணினான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்பு நின்றபோது முகம் வெளுத்திருந்தது. தவுக்கேயிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் அவன்தானே.

"நான் கேட்டது ஓட்டலுக்கு முன்னால அஞ்சடியில மாட்டுற விளக்கு," என்றான் மலாயில், ஒவ்வொரு சொல்லாக. "மழையடிச்சா அணையாத விளக்கு. மூணு. சனிக்கிழமை கடை திறப்பு. கோயில்ல நாள் பாத்து வாங்கியாச்சு, மாத்த முடியாது. அன்னைக்கு வாசல் இருட்டா கெடந்துச்சுன்னா, தவுக்கே இனிமே மஸ்தான் பட்டறைன்னு வாயால சொல்ல மாட்டாரு. மத்தவங்களையும் சொல்ல விட மாட்டாரு."

ஹபீப் முகம்மது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கிராணி போன பிறகு, "என்னா சொல்லிட்டுப் போறான்? ரொம்ப மகிழ்ச்சியா இருக்கான்போல," என்றான். அங்கே பிடித்ததுதான் அந்தச் சண்டை.

ஹபீப் முகம்மதுவுக்கு மலாய் தெரியும். அதாவது ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணத் தெரியும். கை, கால், மூக்கு, வயிறு தெரியும். வேண்டும், வேண்டாம் தெரியும். வைத்தியரிடம் போவதற்கு அது தாராளம். வியாபாரத்துக்கும் போதுமென்று அவன் முடிவு கட்டிக்கொண்டான். கப்பலிறங்கி இரண்டு வருஷமாகிறது. கடைவாசலில் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையைக் கடைத்தெருத் தமிழர்கள் 'அஞ்சடி' என்று சொல்வதை அவனும் சொல்லுவான். மலாயில் காலுக்கும் காக்கிதான், அளக்கிற அடிக்கும் காக்கிதான். அதே அஞ்சடிக்கு மலாயில் ஒரு பேர் இருக்கும் என்பது அவன் புத்தியில் தட்டவில்லை. மலாய்க்காரர்கள் அதில் நடப்பார்கள், மழைக்கு ஒதுங்குவார்கள், ஆனால் அதற்குப் பேர் வைக்காமல் விட்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பான்போல.

பட்டறை அவனுடையதல்ல, ரோஹானாவின் வாப்பா மஸ்தானுடையது. டவுனுக்குள் கரண்டு வந்த புதிதில், மண்ணெண்ணெய் விளக்கு செய்துகொண்டிருந்த மஸ்தான் கரண்டு விளக்குக்கு மாறினார். துணிக்கடைக்கு ஒரு மாதிரி, மருந்துக்கடைக்கு ஒரு மாதிரி என்று அந்தந்த இடத்துக்கென்று செய்து கொடுப்பார். ஒரு கடைக்கு விளக்கு கேட்டால், அந்தி சாயும் நேரத்தில் அங்கே போய் ஒரு நாழிகை சும்மா நிற்பார். எங்கே இருட்டு விழுகிறது, ஆட்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பார். கூட ரோஹானா நிற்பாள். பட்டறைக்குத் திரும்பியதும் அவள்தான் சுண்ணக்கட்டியால் தரையில் முழு அளவுக்கு விளக்கை வரைவாள். ஒரு ஆள் நீளமென்றால் ஒரு ஆள் நீளமே. பக்கிரிசாமி குழாயை அந்தக் கோட்டின் மேல் வைத்து வைத்து வளைத்துப் பார்ப்பார். பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வரை பட்டறையின் முன்கட்டுத்தான் அவளுக்கு வீடு. வந்தவர்களிடம் மலாயில் பேசுவாள், தவுக்கேமார்களிடம் அரைகுறை ஹொக்கியனில் பேசுவாள்.

வாப்பா கண்ணை மூடினார். நாகூர் மாப்பிள்ளை வந்தான். வந்த வாரமே அடுக்களைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கியது. "பொம்பள முன்கட்டுல நிக்கிறது எங்க பக்கம் வழக்கமில்ல," என்றான். தனக்கு மட்டும் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் பட்டறை நடுவில், அவள் வரைந்த தரையின் மேலேயே போட்டுக்கொண்டான். அவனுக்கு ஒரு நேர்கோடு வரைய வராது. அளவைச் சொல்வான், அவள் அடுக்களைத் தரையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, அம்மிக்கும் அரிவாள்மணைக்கும் நடுவில் வரைந்து, சுருட்டித் திரைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அவன் அதை எடுத்து வந்தவர்களிடம் விரித்து, "நேத்து ராத்திரி தூக்கமில்லாம வரைஞ்சேன்," என்பான்.

ரோஹானாவுக்கு வேறு ஆசை ஒன்றும் பெரிதாக இல்லை. புடவை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. அந்த முன்கட்டு வேண்டும். வாசல் வெளிச்சம் விழும் அந்தத் தரை வேண்டும். இரண்டு வருஷமாக அதை நினைத்துக்கொண்டுதான் மீன் உரசினாள்.

நாற்பது நாளைக்கு முன் ஆ சூன் முதலில் வந்து "லம்பு காக்கி லீமா, மூணு, அழகா இருக்கணும், இடத்தை வந்து பாருங்க" என்று சொன்னபோது அவள் திரைக்குப் பின்னால்தான் இருந்தாள். காதில் விழுந்தவுடன் புரிந்துவிட்டது. அஞ்சடியில் மாட்டுகிற விளக்கு. அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? இடத்தைப் பார்க்க ஹபீப் முகம்மது போகவில்லை. "விளக்கு செய்யிறவன் வூடு வூடாப் போயி மோட்டுவளையைப் பாத்துட்டு நிப்பானா?" என்றான். சாயங்காலம் காகிதத்தைப் போட்டு, "அஞ்சு கால் கேக்குறான். தொங்குற விளக்குக்குக் கால் ஏது, கைதான். அஞ்சு கை. ராஜா வூட்டு விளக்குமாதிரி. வரை," என்றான்.

"அஞ்சு கையா? அவங்க கேட்டது..."

"வரையச் சொன்னா வரை."

அவள் வரைந்தாள். தன் ஆயுளிலேயே அழகான படமாக அதை வரைந்தாள். ஒவ்வொரு வளைவையும் ரசித்து ரசித்து இழுத்தாள். இவன் குழியை இவனே கேட்டு வாங்குகிறான், ஆழமாகவே வெட்டிக் கொடுப்போம் என்று இருந்தது அவளுக்கு.

*

சாப்பிட்டுக் கை கழுவியதும் ஹபீப் முகம்மதுவுக்குத் தைரியம் வந்தது. கோழியாணம் கொடுத்த தைரியம்.

"வாசலுக்கு வேணாம்னா உள்ள மாட்டட்டுமே. இப்பேர்ப்பட்ட விளக்கை எவன் வேணாம்பான்? நான் போயி தவுக்கேகிட்டப் பேசிக்கிறேன்."

"எந்த பாஷையில?" என்றாள் ரோஹானா திரைக்குப் பின்னாலிருந்து.

"ஆம்பளைங்க பேசிக்குவோம்."

கோட்டை மாட்டினான், துருக்கித் தொப்பியை வைத்தான், மழையில் இறங்கினான். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். குடை மேல்நோக்கி மடங்கியிருந்தது. தொப்பிச் சாயம் நெற்றியில் இறங்கியிருந்தது.

"என்ன சொன்னாரு மாப்பிள்ளை?" என்று சித்தி ஆயிஷா துண்டோடு ஓடி வந்தாள்.

"உள்ள மாட்டுறதுக்கு சிங்கப்பூர்லேருந்து கண்ணாடி விளக்கு வந்து எறங்கியாச்சு. நானே கண்ணால பாத்தேன்."

"தவுக்கே என்ன சொன்னாரு?" என்றாள் ரோஹானா.

"அவன் என்னத்தச் சொல்றது."

"வாயைத் தொறந்து ஏதும் சொல்லலியா?"

"பேசினான். நெறைய." அவன் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான். "தேத்தண்ணி குடுத்தான்."

"பாத்தியா, மரியாதை தெரிஞ்ச மனுஷன்," என்றாள் சித்தி ஆயிஷா. அவளுக்கு மாப்பிள்ளை நாகூர்க்காரன் என்பதே பெரிய படிப்பு. அவன் தும்மினால்கூட அதில் ஒரு ஊர்ப் பெருமை கேட்கும் அவளுக்கு. "தலை துவட்டுங்க. இஞ்சி தட்டிப் போட்டுக் காப்பி தர்றேன். இந்தப் புள்ள பிலாச்சான் வறுத்து வூட்டையே நாற அடிச்சுட்டா, உங்களுக்குத் தலைவலி வந்திருக்கும்."

"இந்த அழுகின எறா வாடையில மனுஷனுக்கு எப்படிப் புத்தி ஓடும்?" என்று சொல்லிவிட்டு அவன் மாடிக்குப் போய்ப் படுத்தான். ஆக, மூன்று விளக்கு கெட்டதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. பிலாச்சான்.

படிக்கட்டில் அவன் காலடி ஓய்ந்ததும் ரோஹானா முக்காட்டை இழுத்து இறுக்கினாள். மூலையில் கிடந்த வாப்பாவின் பழைய குடையை எடுத்தாள். திரையைத் தள்ளிக்கொண்டு முன்கட்டுக்கு வந்தாள். பக்கிரிசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடி?" என்றாள் உம்மா.

"பசாருக்கு."

"கூடை எடுக்கலியே?"

அதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

*

ஓட்டல் முனைவீடு. இரண்டு தெருவைப் பார்த்து நின்றது. அஞ்சடியில் ஏழு தூண். ரோஹானா ஒவ்வொரு தூணையும் முழங்கையால் அளந்தாள். சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, எந்த உயரம் வரை சுவர் நனைந்திருக்கிறது என்று பார்த்தாள். காற்று வந்தபோது மேலே கட்டியிருந்த மூங்கில் தட்டி தடதடவென்று ஆடியது. தொங்கு விளக்கு மாட்டினால் ஒரே வாரத்தில் தூணில் மோதித் தூளாகும்.

தவுக்கே பனியனோடு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"மஸ்தான் மகள்தானே?"

"மஸ்தான் மகள்தான்."

"ரெண்டு வருஷமா எங்க போயிருந்தே?"

"கல்யாணம் ஆயிருச்சு."

"ஓ," என்றார் தவுக்கே, யாருக்கோ சீக்கு என்று கேட்டதுபோல. "இப்பத்தான் ஒருத்தன் வந்து அஞ்சு விரலை விரிச்சு விரிச்சுக் காட்டினான். பத்துத் தடவை காட்டினான். நானும் அவனுக்கு என்னென்னவோ சொன்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினான். வாதம் இழுக்குதோன்னு தேத்தண்ணி குடுத்து அனுப்பினேன். அவன்தானா?"

"அவருதான்."

தவுக்கே கஞ்சியைக் குனிந்து குடித்தார். சிரிப்பை அதற்குள் விட்டார்.

ரோஹானா மளமளவென்று சொன்னாள். மேலிருந்து தொங்க வேண்டாம். தூணிலிருந்து கை நீட்டி நிற்கட்டும். தூணுக்கு இரண்டு கை, ஏழு தூணுக்குப் பதினாலு. ஒவ்வொன்றுக்கும் மேலே தகரத்தில் தொப்பி, சாரல் உள்ளே போகாது, வெளிச்சம் கீழே கொட்டும். மூன்று விளக்கென்றால் வாசல் மட்டும் தெரியும். பதினாலென்றால் ரோட்டின் அந்தக் கோடியில் டிராம் ஏறுகிறவனுக்கும் இங்கே ஓட்டல் இருப்பது தெரியும்.

"சனிக்கிழமை திறப்பு," என்றார் தவுக்கே.

"தெரியும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பாக்கணும். இல்லேன்னா கேம்பல் தெருக்காரன் ரெண்டு தகர விளக்கு மாட்டிட்டுப் போறான். அப்புறம் ஒண்ணு." அவர் கரண்டியை வைத்தார். "பேச நீயே வா. அந்த ஆள் வந்தா எனக்குத் தேத்தண்ணி செலவு."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. விட்டிராவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

*

"அறுக்கணும் பக்கிரிண்ணே," என்றாள் வந்ததும்.

"எதை?"

"எல்லாத்தையும். கை கையா. தூண்ல மாட்டப் போறோம்."

பக்கிரிசாமி அண்ணாந்து பார்த்தார். பத்து காவான் கரும்புத் தோட்டத்தில் சீனிக் கொப்பரைக்குப் பற்றுவைத்துத் தொழில் பழகியவர். தோட்டம் மூடியதும் தோணியேறி மஸ்தானிடம் வந்தார். இருபது வருஷமாக ரோஹானாவை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். குழாயை வளைக்கும்போது நசுங்காமலிருக்க அதற்குள் காய்ந்த மணலை இட்டு, இரண்டு பக்கமும் கட்டையால் அடைத்து, நெருப்பில் காட்டி வளைப்பார்கள். பதினைந்து குழாயையும் அப்படித்தான் வளைத்தார். பாதி வேலையில், மழைநாளில் மணல் சரியாகக் காயாமல் ஒரு குழாய்க்குள் ஈரம் நின்று, கட்டை தெறித்து, கொதிமணல் இடது உள்ளங்கையில் கொட்டிவிட்டது. பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மீதி ஏழு குழாயையும் அவரே வளைத்தார்.

ரம்பத்தை எடுத்தார். எடுத்தவர் உடனே அறுக்கவில்லை.

"பாப்பா. நாப்பது நாளான்னு சொன்னியே காலையில."

"ஆமா."

"தெரிஞ்சே இருந்தியா?"

"அந்தக் கிராணி வாயைத் தொறந்தப்பவே தெரியும்."

"படம் வரைஞ்சப்ப?"

"தெரியும். சொல்ல வாயெடுத்தேன், வரையச் சொன்னா வரைன்னாரு. அப்புறம் நான் ஏன் சொல்லணும்? சொன்னா மட்டும் கேக்குற ஆளா அது? எல்லாம் தெரியும்ல அவருக்கு. தெரிஞ்சவரு படட்டும்னு விட்டேன்."

"எனக்கு?"

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு மலாய் அவ்வளவா வராது. அதோட, கிராணி மொதல்ல வந்து பேசுறப்ப நான் கொல்லையில துருத்தி ஊதிக்கிட்டிருந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டச் சொன்னா நீங்க அவருகிட்டச் சொல்லுவீங்க."

"சொல்லியிருப்பேன்," என்றார் பக்கிரிசாமி. "கை வெந்தன்னைக்கு நீதான் தேங்காயெண்ணெய் கொண்டாந்து ஊத்தினே."

"ஆமா."

"அன்னைக்கும் தெரியும்."

ரோஹானா சுவரைப் பார்த்தாள். "தெரியும்ண்ணே. உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எல்லாம் அவரு மேலதான்."

"சரி," என்றார் அவர். முதல் கழுத்தில் ரம்பத்தை வைத்து இழுத்தார். அவர் போட்ட பற்று, எளிதில் விடவில்லை.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தான் ஹபீப் முகம்மது.

"ஏய்! ஏய்! யாரைக் கேட்டு அறுக்குறீங்க?"

"தவுக்கேயைக் கேட்டு," என்றாள் ரோஹானா. தகரத்தைத் தரையில் விரித்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் கிடந்த சாய்வு நாற்காலியைச் சுவரோரம் தள்ளியிருந்தாள். தகரத்தைத் தூக்கிவந்தபோது பச்சைத் திரை முனையில் மாட்டிக் கிழிந்து, ஒரு பக்கமாகத் தொங்கியது.

"நீ அங்க போனியா? தனியா? ரோட்டுல?"

"பறந்தா போவாங்க?"

"என் விளக்கு அது!"

"உங்க விளக்குத்தான் மச்சான். பதினாலுதான் வேணும், ஒரு கை மிச்சம். உங்க கட்டிலுக்கு மேல மாட்டித் தர்றேன்."

"அடுத்த கப்பல்ல நான் ஊருக்குப் போறேன். பாத்துக்க."

"ரப்பே!" என்றாள் சித்தி ஆயிஷா வாசலில். "மாப்பிள்ளை, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. ஏண்டி, மன்னிப்புக் கேளுடி!"

"போங்க," என்றாள் ரோஹானா, வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எறங்கினதும் என்ன சொல்லுவீங்க? பினாங்குல விளக்குக் கம்பெனி மொதலாளின்னு கடுதாசி எழுதியிருக்கீங்க. முப்பது பேரு வேலை செய்யிறாங்கன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கடுதாசியை மடிச்சு ஒட்டினது நான்தான்."

முப்பது பேரில் ஒருவரான பக்கிரிசாமி அடுத்த கழுத்தை அறுத்தார்.

ஹபீப் முகம்மதுவுக்கு வயிறு பசித்தது. மாடியேறிப் போய்விட்டான்.

புதனும் வியாழனும் அந்த வீட்டில் தகரச் சத்தம்தான். வட்டத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, முனையோடு முனை சேர்த்தால் தொப்பி. துண்டு எவ்வளவு பெரிதோ, தொப்பி அவ்வளவு கூர்மை. ரோஹானா ஒரே ஒரு காகிதத் தொப்பி செய்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து, சரிவு பிடித்த பிறகு பதினாலையும் வெட்டினாள். பக்கிரிசாமி நவச்சாரம் தடவிப் பற்றவைத்தார். வளைந்த குழாய்க்குள் கம்பி போகாதே, அதற்கு ஒரு வித்தை உண்டு: நூலில் பஞ்சு கட்டி ஒரு முனையில் விட்டு, மறுமுனையில் வாய்வைத்து உறிஞ்சுவது. நூல் வந்தால் அதன் வாலில் கம்பி வரும். இரண்டு பேரும் மாறி மாறி உறிஞ்சினார்கள். வாயெல்லாம் பித்தளைக் களிம்பு கசந்தது. முன்பெல்லாம் இந்த வேலையில் இருவரும் சிரித்துச் சாவார்கள். இந்த முறை, "நூலு," "கத்தரி," "போதும்," அவ்வளவுதான் அவர் பேசியது. வேலை அவசரம், அதனால்தான் என்று ரோஹானா நினைத்துக்கொண்டாள். உம்மா தேங்காய்ச் சோறும் நெத்திலிச் சம்பாலும் கொண்டுவந்து வைத்தாள். மாடிக்குத் தனியாகக் கோழி போயிற்று.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் கலைகிற நேரத்தில் ஏணியைச் சாத்தினார்கள். அந்தி விழுமுன் பதினாலும் ஏறிவிட்டது. கரண்டு மிஸ்திரி சுவிட்சைப் போட்டான். ஏழு தூணும் ஆளுக்கு இரண்டு கையில் வெளிச்சத்தை ஏந்திக்கொண்டு நின்றன. நனைந்த ரோடு மினுங்கியது. தவுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார், திரும்பி நடந்தார். ஒரு தொப்பியின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். விளக்கு அணையவில்லை. "ம்," என்றார். அந்த 'ம்' மஸ்தான் காலத்தில் கேட்ட 'ம்'. ரோஹானாவுக்கு அது போதும்.

சனிக்கிழமை திறப்புக்கு ஹபீப் முகம்மது புதுத் தொப்பியோடு போனான். அஞ்சடியில் நின்று, போகிறவர் வருகிறவர் சட்டையைப் பிடித்து, "தொங்கு விளக்காத்தான் மொதல்ல செஞ்சேன். காத்தைப் பாத்தேன். சரிப்படாது, அறுங்கடான்னுட்டேன். மனசு வேணும்ல அதுக்கு?" என்று சொன்னான். கடைத்தெருக்காரர்கள் நான்கு பேர், "அப்படியா பாய், அப்படியா," என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஐந்து கால் கதை வியாழக்கிழமையே தெரியும். கிராணி ஆ சூன் வாய் சும்மா இருக்குமா? இவன் வாயால் கேட்க வேண்டுமென்றுதான் வரிசையில் நின்று கேட்டார்கள். ஒருவன் போய் இன்னொருவனை அனுப்பினான். சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பேர் வைத்தாயிற்று. என்ன பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் அதைப் பட்டமென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னான். "அஞ்சு கால் பாய்னு கூப்புடுறாங்க, அந்த விளக்கு அப்படிப் பேசப்படுது." சித்தி ஆயிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

*

திங்கட்கிழமை காலை ஆ சூன் வந்தான். சாய்வு நாற்காலி மறுபடி பட்டறை நடுவுக்கு வந்திருந்தது. அதில் ஹபீப் முகம்மது.

"மஸ்தான் மகள் எங்க?" என்றான் ஆ சூன்.

"எங்கிட்டச் சொல்லலாம், சொல்லு," என்றான் இவன், தமிழில்.

ஆ சூன் சொன்னான். ஓட்டல் மாடியில் பில்லியட் ஆடுகிற கூடம், மேசை நீளத்துக்கு விளக்கு வேண்டும், ஆடுகிறவன் தலை இடிக்கக்கூடாது, நிழல் விழக்கூடாது. ஹபீப் முகம்மது ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். எல்லாம் சொல்லி முடித்த ஆ சூன், மாடத்திலிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். "பிக்கின்," என்றான் மலாயில். செய், போடு.

ஹபீப் முகம்மது கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்தான். அது ஏதோ தின்னக் கொடுத்ததுபோல் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பாமல், மெல்ல, "ரோஹானா," என்றான்.

அவள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தாள். அவன் கையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மேசை எத்தனை நீளம் என்று ஆ சூனைக் கேட்டாள். வாசல் பக்கமிருந்து ஒரு கோடு இழுத்தாள். கோடு நாற்காலிக் காலில் போய் முட்டியது.

"மச்சான், கொஞ்சம் எந்திரிங்க. கோட்டு மேல உக்காந்திருக்கீங்க."

அவன் எழுந்தான். நாற்காலியை இந்தப் பக்கம் வைத்தான். கோடு அங்கேயும் வந்தது. அந்தப் பக்கம் வைத்தான். விளக்கின் மறுமுனை அங்கே வந்தது.

"அங்க இல்ல மச்சான். அங்கயும் இல்ல."

நாற்காலியை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், எங்கே வைப்பதென்று யாராவது சொல்வார்களென்று. அடுக்களை வாசலில் மாமியார் காப்பியோடு நின்றாள். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கிழிந்த திரையை ஒதுக்கிக்கொண்டு, நாற்காலியோடு உள்ளே போனான். கதவில் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ரோஹானா குனிந்தபடியே சிரித்தாள். இரண்டு வருஷத்துச் சிரிப்பு. ஆ சூனும் சிரித்துக்கொண்டு, பிறகு வருகிறேன் என்று போனான். வாசல் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்திருந்தது. பில்லியட் கூடத்து விளக்கு வெள்ளைக் கோடாக அதில் கிடந்தது. அவள் சிரித்த முகத்தோடு பக்கிரிசாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பித்தளைக் குழாயை எடுத்து வந்து, கட்டுப் போட்ட கையால் கோட்டின் மேல் மெதுவாக வைத்தார். நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, இருபது வருஷத்தில் ஒரு நாளும் கூப்பிடாத மாதிரி கூப்பிட்டுக் கேட்டார்.

"இந்தத் தடவை ஏதும் தப்பா இருந்துச்சுன்னா, எனக்கு முன்கூட்டியே சொல்லிருவீங்களாம்மா?"